பொங்கல் கூட்டத்தில் உளுந்தூர்பேட்டை: கார் சார்ஜை 80 சதவீதத்தில் கழற்றுவதா, நிரம்பும் வரை நிற்பதா?

தாம்பரம்_45யூனிட்

வணக்கம் நண்பர்களே. இந்தப் பொங்கலுக்குத் தாம்பரத்திலிருந்து மேலூருக்கு எங்கள் எலக்ட்ரிக் காரில் போனோம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன், சர்க்கரை நோய் உள்ள என் அம்மா. 45 யூனிட் பேட்டரி, வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. போகிக்கு முந்தைய நாள் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் 100 ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பரனூர் டோல்கேட்டைத் தாண்டவே முக்கால் மணி நேரம் போய்விட்டது, அதை ஈடுகட்டலாம் என்று அப்புறம் 110-ல் ஓட்டினேன், உளுந்தூர்பேட்டை வரும்போது பேட்டரி 36 சதவீதம் காட்டியது.

சார்ஜ் ஏற்ற முதலில் போன இடத்தில் ஆப்பில் பச்சையாக, காலியாக இருப்பதாகக் காட்டுகிறது, நேரில் போனால் மெஷினின் திரையே எரியவில்லை. அடுத்தது ஒரு ஹோட்டல் வளாகம். ஒரே மெஷின், இரண்டு கன் (வண்டியில் மாட்டுகிற சார்ஜிங் பிளக்), எங்களுக்கு முன்னால் நான்கு வண்டி. சார்ஜில் இருந்த ஒரு வண்டி 91-ல் நிற்கிறது, ஆள் இல்லை. ஹோட்டலுக்குள் மேசை மேசையாகப் போய் "வெள்ளை வண்டி யாருடையது" என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர் ஒருவர் அவசரம் என்று முன்னே விடச் சொன்னார், நான் மறுத்தேன், கைகலப்பு வரை போகப் பார்த்தது, மனைவிதான் என்னைப் பிடித்து இழுத்தார். அம்மா அந்த இரைச்சலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கன் கைக்கு வர இரண்டரை மணி நேரம், ஏற்ற ஒன்றேகால் மணி நேரம். வீடு சேர இரவு இரண்டரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் 94 வரை ஏற்றினேன். மேலூர் வரை இன்னும் 235 கிலோமீட்டர், நடுவில் இதே போல இன்னொரு இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். எனக்குப் பின்னால் ஐந்து வண்டி நின்றது. அது இன்றுவரை உறுத்துகிறது.

என் கேள்விகள்: கூட்டம் இருக்கும்போது எத்தனை சதவீதத்தில் கழற்றுவது நியாயம்? ஆள் இல்லாத வண்டியிலிருந்து கன்னை நாமே எடுக்கலாமா? தீபாவளிக்கும் இதே வண்டியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது ரயிலுக்கே முயற்சி செய்யட்டுமா?

காவிரிக்கரை

ரயிலுக்கு ஓட வேண்டாம் நண்பரே. மூன்று வருடமாக இதே ரோட்டில் மாதம் ஒரு தடவையாவது போய் வருகிறேன்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் நின்ற இடம்தான் தப்பு. பண்டிகைக்கு எல்லோரும் சென்னையில் 100 ஏற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பேட்டரி, அதனால் 30-40 சதவீதம் என்று திரையில் பார்த்துப் பயம் வருவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில். சாப்பாட்டு நேரமும் அங்கேயே வந்துவிடுகிறது. அதோடு சேலம், கோவை போகிற வண்டிகள் உளுந்தூர்பேட்டையில்தான் பிரிகின்றன, அதுவரை இரண்டு கூட்டமும் ஒரே ரோட்டில். அந்தப் பிரிவைத் தாண்டிவிட்டால் நெரிசல் கண்ணுக்குத் தெரிந்தே குறையும்.

உங்கள் வண்டி 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் போனால் கிலோமீட்டருக்கு 140-150 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) போல எடுக்கும். தாம்பரத்திலிருந்து பெரம்பலூர் 245 கிலோமீட்டர் சொச்சம், 36 யூனிட் போதும். ஏறக்குறைய 20 சதவீதத்தோடு பெரம்பலூரில் நிற்பீர்கள். அங்கே 80 வரை ஏற்றினால் மேலூருக்கு மேற்கொண்டு எங்கும் நிற்க வேண்டாம். நீங்கள் 110-ல் ஓட்டி மிச்சம் பிடித்த நேரம் இருபது நிமிடம் இருக்குமா? அதற்கு உளுந்தூர்பேட்டையில் எவ்வளவு கொடுத்தீர்கள் பாருங்கள்.

கூட்டத்தில் 80-ல் கழற்றுவதுதான் நியாயம், அதற்குக் காரணம் உண்டு. பேட்டரி நிரம்ப நிரம்ப வண்டியே கரண்டைக் குறைத்து வாங்கும், வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே போகாமல் எலெக்ட்ரோடு மேலேயே படிந்து பேட்டரி கெடும். அதனால் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு அதற்கு முன் 40-50 சதவீதம் ஏறிய நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர் ஊர் போய்ச் சேருகிற அளவுக்கு ஏற்றிக்கொள்வார்.

கன்னை நீங்கள் எடுக்க முடியாது. சார்ஜ் ஓடும்போது வண்டியே அதைப் பூட்டி வைத்திருக்கும். தயவுசெய்து அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். மெஷின் மொத்தமாக நின்றுவிடும், பக்கத்துக் கன்னில் இருப்பவருக்கும் போய்விடும். அப்படி ஒரு சண்டையை நேரில் பார்த்திருக்கிறேன்.

நெக்ஸான்_30

காவிரிக்கரை அண்ணா, நீங்கள் சொல்வது பெரிய பேட்டரிக்காரர்களுக்குச் சரி. என்னுடையது பழைய 30.2 யூனிட் நெக்ஸான். நெடுஞ்சாலையில் 180-190 கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். 80-ல் கழற்றி, 15 மிச்சம் வைத்து ஓட்டினால் கைக்கு வருவது 120 கிலோமீட்டர். அடுத்த மெஷின் செத்துக் கிடந்தால்? தாம்பரத்து அண்ணனுக்கு நேர்ந்த மாதிரி?

நான் பெரும்பாலும் மகளோடு தனியாக ஓட்டுகிறேன். போன தீபாவளிக்கு இரவு பதினொரு மணிக்கு ஒரு மூடிய வளாகத்துக்கு முன்னால் 9 சதவீதத்தோடு நின்றோம். காவலுக்கு இருந்த பெரியவர் இரக்கப்பட்டு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றைக் கொடுத்தார், மணிக்கு மூன்று யூனிட்தான் ஏறும், விடியும் வரை அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அதற்கு அப்புறம் 80 என்று யாராவது சட்டம் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. நிச்சயமாக வேலை செய்கிற அடுத்த இடம், அதற்கும் அடுத்த இடம், இரண்டையும் எட்டும் அளவுக்கு ஏற்றுவேன். 65-லேயே அது கிடைத்தால் 65-ல் கழற்றிவிடுவேன். 92 வேண்டுமென்றால் 92 வரை நிற்பேன், ஆனால் வண்டியை விட்டு நகர மாட்டேன், பின்னால் நிற்பவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன். இதுவரை ஒருவரும் என்னைத் திட்டியதில்லை. கழிப்பறைக்குப் போனாலும் கண்ணாடியில் போன் நம்பரும் எத்தனை சதவீதத்தில் எடுப்பேன் என்பதும் எழுதிய அட்டை இருக்கும். தாம்பரம் அண்ணா, உங்களுக்குப் பயம் வந்தது தப்பில்லை, அதற்காக இவ்வளவு வருந்தாதீர்கள். ஆள் இல்லாமல் 91-ல் நின்றதே, அதுதான் மன்னிக்க முடியாதது.

விக்கிரவாண்டி_ஹோட்டல்

எங்கள் ஹோட்டல் வாசலிலும் ஒரு 60 கிலோவாட் மெஷின் இருக்கிறது, அதனால் இந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். 60 என்று எழுதியிருந்தாலும் இரண்டு கன்னிலும் வண்டி மாட்டினால் 30, 30 என்று பிரிந்துவிடும். பல பேருக்கு இது தெரியாமல் மெஷின் பழுது என்று சண்டைக்கு வருகிறார்கள்.

"இன்னும் நான்கு மெஷின் வைக்கக் கூடாதா சார்" என்று தினமும் கேட்கிறார்கள். வைக்க ஆசைதான். லோடு ஒரு அளவைத் தாண்டினால் உயர் மின்னழுத்த (HT) இணைப்பு வாங்க வேண்டும், சொந்த டிரான்ஸ்பார்மர் போட வேண்டும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் டிமாண்ட் சார்ஜ் கட்ட வேண்டும். கூட்டம் வருவது பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை விடுமுறை, அப்புறம் சில சனி ஞாயிறுகள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பாருங்கள், மெஷினுக்குக் கீழே நாய் படுத்திருக்கும். மத்திய அரசின் 2022 வழிகாட்டுதலில் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று இருந்தது. 2023-ல் எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்லதுதான், ஆனால் இருபது இடத்தில் ஒவ்வொன்று இருப்பதைவிட, பண்டிகை நாளுக்கு ஓர் இடத்தில் எட்டு கன் சேர்ந்து இருப்பதுதான் வேலைக்கு ஆகும். ஒன்று கெட்டாலும் ஏழு ஓடும்.

இந்தப் பொங்கலுக்கு ஒரு பையனை நோட்டோடு மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தேன். வண்டி உள்ளே வந்ததும் நம்பர், போன் எண், நேரம் எழுதி டோக்கன். டோக்கன் இல்லாமல் கன் இல்லை. 80 தாண்டியதும் பையன் உள்ளே வந்து மேசையில் சொல்வான். மூன்று நாளில் ஒரு சண்டைகூட இல்லை. செலவு என்று பார்த்தால் பையனுக்கு மூன்று நாள் சம்பளம்தான்.

சான்_ஹோசே_தமிழ்

இங்கே கலிபோர்னியாவில் இதே பாட்டைப் பட்டுத்தான் வந்தோம். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காதவர்களுக்கு டெஸ்லா 2016 டிசம்பரிலேயே நிமிடக் கணக்கில் கட்டணம் கொண்டுவந்தது, நிலையம் முழுதாக நிரம்பியிருந்தால் அது இரண்டு மடங்கு. 2019-ல் கூட்டமான இடங்களில் தானாகவே 80-ல் நிற்கும்படி செய்தார்கள், அதிகம் தேவைப்படுபவர் வண்டித் திரையில் மாற்றிக்கொள்ளலாம். நெக்ஸான் சகோதரி சொல்வதற்கும் அதில் வழி இருக்கிறது. நாங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் போகிற வழியில் கெட்டில்மேன் சிட்டியில் 2017-ல் 40 கன் வைத்தார்கள், அங்கேயும் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு வரிசை நிற்கத்தான் செய்தது. ஆனால் 40 இருந்தால் வரிசை நகரும்.

தாம்பரம்_45யூனிட்

எல்லோருக்கும் நன்றி. நெக்ஸான் சகோதரி, அந்தத் திண்ணை இரவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அட்டை இன்றைக்கே எழுதிவிட்டேன்.

தீபாவளிக்கு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, வேகம் 90-ஐத் தாண்டாமல், பெரம்பலூர் வரை நிற்காமல் போவது என்று முடிவு. நடுவில் அம்மாவுக்காக நின்றாலும் சார்ஜுக்கு நிற்கப் போவதில்லை. காவிரிக்கரை அண்ணே, பெரம்பலூரில் கெட்டுப் போயிருந்தால் பாடாலூரிலோ சமயபுரத்திலோ நம்பி நிற்கலாம் என்று ஓர் இடம் சொல்லுங்கள், இரவிலும் கழிப்பறை திறந்திருக்கும் இடமாக. விக்கிரவாண்டி சார், திரும்பி வரும்போது உங்கள் ஹோட்டலில்தான் சாப்பாடு, டோக்கன் போட்டு வையுங்கள்.