பொருள்களை அடுக்கிவைத்தால் மட்டும் உள்ளூர் அருங்காட்சியகம் ஆகிவிடுமா?

கேள்வி:
வட்டார வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். பழைய தறி, தராசு, குடும்பப் புகைப்படங்கள் எனப் பலவும் எங்களிடம் உள்ளன. ஆயினும், அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதோடு சரி, மறுபடி வருவதில்லை. இது தங்களுடையது என்று அவர்கள் உணர என்ன செய்யலாம்? வீடுகளிலிருந்து கொண்டுவந்து தரும் பொருள்களை எந்த முறையில் ஏற்பது?

மறுமொழி 1:
பொருளைப் புழங்கியவர்களின் பேச்சு அங்கே இல்லாததுதான் குறை என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை, நிறவெறி அரசு 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவித்து, அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்துத் தள்ளியது. 1994இல் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், அப்பகுதியின் தெரு வரைபடத்தைத் தரையிலேயே விரித்தார்கள்; முன்பு அங்கே குடியிருந்தவர்கள் தம் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் எடுத்துப் பாதுகாத்த தெருப் பெயர்ப்பலகைகளும் அங்கே காட்சிக்கு வந்தன. நீங்களும் பெரிய வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்து, பக்கத்தில் பென்சிலும் சீட்டுகளும் வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
அதற்கு முன், வந்துசேரும் பொருள்களைக் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டைச் சீர்செய்யுங்கள். கொடுத்தவர் யார், அது எந்த வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்பதைப் பொருள் வந்த அன்றே எழுதாவிட்டால், ஒரு தலைமுறை கழிந்ததும் அந்தத் தராசு யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. நன்கொடையா, இரவலா என்பதையும் கையொப்பமிட்ட கடிதத்தில் தெளிவாக்கிவிட்டால், பிற்பாடு வாரிசுகளுடன் மனக்கசப்பு நேராது. புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம்; மென்மையான பென்சில் போதும். காகிதத்தின்மீதும் துணியின்மீதும் விழும் ஒளி 50 லக்ஸ் (ஒளியின் செறிவை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது, ஏனெனில் ஒருமுறை வெளிறிய சாயத்தை மீட்க வழியில்லை. இடமில்லையெனில் மறுக்கவும் தயங்காதீர்கள். படமெடுத்து, உரியவர் சொல்வதைப் பதிவுசெய்துகொண்டு, பொருளை அவர்களிடமே விட்டுவிடலாம்.

மறுமொழி 3:
பழையதை மட்டுமே காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில் மூடிக்கிடந்த திரையரங்கு ஒன்றில், அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் அனகோஸ்டியா அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. அப்பகுதி மக்கள் எலித்தொல்லையால் அவதிப்பட்டு வந்ததால், 1969இல் எலிகளைப் பற்றியே அங்கு ஒரு கண்காட்சி நடந்தது. எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் குழுவிலேயே உங்கள் பகுதி மக்களுக்கு இடம் கொடுங்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் அழைத்தால் அவர்கள் விருந்தினராகவே நின்றுவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறோம். ஒரே புகைப்படத்தில் இருப்பவரை இரண்டு குடும்பத்தார் வெவ்வேறு ஆளாகச் சொன்னால் எதை எழுதுவது?

மறுமொழி 2:
இரண்டையும், சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். உறுதியான சான்று கிடைக்கும்வரை எந்த ஒன்றையும் அடித்துவிடாதீர்கள்.