கற்றல் மதிப்பீட்டுப் பணிக்கு மாற வழி கேட்டு

வணக்கம். கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 9 ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்குக்குத் தரும் அறிக்கையில், மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்று காட்டும் கற்றல் விளைவுக் கணக்கும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. எக்செல் தாளில் எல்லாப் பாடங்களும் இலக்கை எட்டிவிட்டதாகப் பச்சை நிறம் காட்டுகிறது. விடைத்தாளிலோ, கரைசலின் செறிவைச் சொல்லும் அளவான மோலாரிட்டியின் வரையறையைப் பிழையின்றி எழுதிய மாணவர், அரை லிட்டர் கரைசலுக்கு எத்தனை கிராம் உப்பு வேண்டும் என்ற கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறார். இந்த இடைவெளியைக் குறைக்கும் பணிக்கே முழுநேரமாக மாற விரும்புகிறேன்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் புத்தொளிப் பயிற்சியும், மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் மதிப்பீடு பற்றிய படிப்பும் முடித்தேன். வினாக்களை ப்ளூம் படிநிலைப்படி (நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் எனச் சிந்தனைத் திறன்களை அடுக்கும் முறை) மாற்றியமைத்து, தேர்வுக்கு மறுநாளே பிழைகளை வகுப்பில் விவாதித்ததில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் விண்ணப்பித்த இரண்டு இடங்களிலும் கல்வியியல் பட்டம் கேட்டார்கள், பி.எட். இல்லாததால் எம்.எட். சேரவும் வழியில்லை.

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் படித்தால், பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டுப் பணிகளுக்கு அதை ஏற்றுக்கொள்கிறார்களா?