சக்கர நாற்காலி மோட்டாரோடு விமானத்தில் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். தங்கை வளைகாப்புக்குப் பெங்களூரு போக வேண்டும். நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டாரும் கூட வரவேண்டும். அது இல்லாவிட்டால் யாராவது தள்ளினால்தான் நகர முடியும்.

போன முறை மைசூர் எக்ஸ்பிரஸில் போனேன். மாற்றுத்திறனாளிகள் பெட்டி கடைசியில் நின்றது. அவசரத்தில் மோட்டாரைத் தூக்கிப் போட்டதில் பிரேக் ஒயர் அறுந்துவிட்டது. அதனால்தான் இப்போது திருச்சியில் விமானம் ஏற நினைக்கிறேன்.

பேட்டரி லித்தியம், கழற்றலாம். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் சுமார் 281 வாட் ஹவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு). கழற்றிக் கையில் கொண்டுபோக வரம்பு 300. ஆனால் மழையில் நனைந்து, இந்த அளவு போட்டிருக்கும் பேட்டரி ஸ்டிக்கரில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. கடைக்காரரிடம் கடிதம் வாங்கினால் ஒத்துக்கொள்வார்களா? விமான நிறுவனத்திடம் எத்தனை நாள் முன்பே அனுமதி கேட்டீர்கள்? அப்புறம், மோட்டாரை எதில் சுற்றிக் கொடுத்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.