மத நல்லிணக்கத்துக்கு உழைத்தவர்களுக்குப் பாராட்டு விழா: யாரைத் தேர்வது, எந்தத் தேதி, மேடையில் என்ன செய்வது?

கேள்வி: வாலிநோக்கம்_காற்று

சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மூன்று. ஒன்றில் ஜமாத், ஒன்றில் கத்தோலிக்கப் பங்கு, ஒன்றில் கிராமக் கமிட்டி. மதம் பார்க்காமல் சமாதானத்துக்கும் நியாயத்துக்கும் நின்றவர்களை வருஷத்துக்கு ஒருமுறை கௌரவிக்கலாம் என்று மூன்று ஊர் இளைஞர்களும் பேசியிருக்கிறோம். முதல் விழா 2027 பிப்ரவரி முதல் வாரத்தில், ஐ.நா. பொதுச்சபை 2010-ல் அறிவித்த உலக சமய நல்லிணக்க வாரம் அதுதான். கையில் 40,000 ரூபாய், வரக்கூடியவர்கள் 200 பேர்.

மதத்துக்கு ஒருவர் என்று மூன்று பேரை எடுக்கலாம் என்பது பலர் கருத்து. அது சரிவருமா? குத்துவிளக்கு, பொன்னாடை, சாப்பாடு இதிலெல்லாம் யார் மனமும் நோகாமல் எப்படி நடத்துவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சேதுக்கரை_வாசி

தம்பி, மதத்துக்கு ஒருவர் என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு ஊரும் தன் ஆளைத்தான் அனுப்பும். அதிலும் தலைவர், தர்மகர்த்தா, செயலாளர் என்று பொறுப்பில் இருப்பவர் பெயர்தான் வரும். பதவிக்கு மரியாதை செய்த கூட்டமாகிவிடும், செயலுக்குச் செய்ததாக இருக்காது.

ஒரே ஒரு விதி போதும்: ஒருவர் பெயரை வேறு மதத்துக்காரர்தான் முன்மொழிய வேண்டும். ஜமாத்துக்காரர் பெயரைப் பங்கு மக்களோ கிராமக் கமிட்டி ஆட்களோ எழுதித் தர வேண்டும், மற்றவர்களுக்கும் அப்படியே. இந்த விதியை வைத்துப் பாருங்கள், பாதிப் பெயர் தானாக உதிர்ந்துவிடும்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எந்த வருஷம், அதனால் பலன் பெற்றவர் யார், அதைச் செய்ததால் இவர் எதை இழந்தார் அல்லது எதற்குத் துணிந்தார் என்ற நான்கு கேள்வி. கடைசிக் கேள்விதான் முக்கியம். தன் சொந்த ஜனத்தின் கோபத்துக்கு ஆளாகி அடுத்தவருக்காகப் பேசியவரையும், இரு தரப்புக்கும் இனிக்கப் பேசிச் சமாளித்தவரையும் பிரித்துக் காட்டுவது அதுதான். படிவம் வந்ததும் கமிட்டியில் இருவர் பலன் பெற்ற குடும்பத்தை நேரில் பார்த்து விசாரியுங்கள். போனில் கேட்டால் எல்லோரும் "நல்ல மனுஷன்" என்றுதான் சொல்வார்கள்.

எப்படிப்பட்ட செயல் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அளவுகோல் இருக்கிறது. அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தொப்பி போட்ட பையன் பூணூல் போட்ட பையன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று புது ஆசிரியர் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்தப் பூணூல் போட்ட பையனின் அப்பா, ராமநாதசுவாமி கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை அழைத்து இரண்டு பிள்ளைகள் முன்னாலேயே கண்டித்தார்: மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போ. ஆசிரியரும் மனம் மாறினார். கலாமே இதை எழுதியிருக்கிறார். நடந்தது, இடம், செய்தவர், பலன் நான்கும் இதில் துல்லியமாக நிற்கின்றன. நீங்கள் எழுதும் பாராட்டு மடலும் அப்படி இருக்கட்டும். "மதம் கடந்த மாமனிதர்" என்று எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

இன்னொன்று, நியாயம் என்பதைச் சமாதானத்துக்குள் அமுக்கிவிடாதீர்கள். கடலில் இறந்தவரின் மனைவிக்கு நிவாரணம் கிடைக்கும்வரை எந்த ஊர், எந்த மதம் என்று பார்க்காமல் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர், பாசி எடுக்கும் பெண்களுக்காகப் பேசியவர், இவர்கள் பெயரெல்லாம் வழக்கமான பட்டியலில் வருவதில்லை. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி 2015-ல் சீகாலஜி விருது பெற்றார். அவரை வெளிநாட்டு அமைப்பு கண்டுகொண்ட பிறகுதான் இங்கே பலர் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பெயர் வர வேண்டுமானால் படிவம் பெண்கள் குழுக்களிடமும் போக வேண்டும்.

பதில் 2: மண்டபம்_பாய்மரம்

தேதி பற்றி மட்டும் சொல்கிறேன். 2027-ல் பிப்ரவரி முதல் வாரம் நல்ல யோசனைதான், ஆனால் வழி குறுகலானது. ரமலான் நோன்பு பிறையைப் பொறுத்து பிப்ரவரி 8 அல்லது 9-ல் தொடங்கும். சாம்பல் புதன் பிப்ரவரி 10. ஒரு வாரம் தள்ளினாலும் இரண்டு தரப்பும் நோன்பில் இருக்கும். பிப்ரவரி 6 சனிக்கிழமை தை அமாவாசை. சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் மூன்றிலும் கூட்டம். வண்டியும் கிடைக்காது, போலீஸுக்கும் கை ஓயாது. பிப்ரவரி 4 ஓரியூரில் கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் நினைவு நாள், பங்கு மக்களில் பலர் அங்கே போய்விடுவார்கள். வெள்ளி ஜும்மா.

விசைப்படகுக்காரர்களையும் அழைப்பதானால், பாக் நீரிணைப் பக்கம் திங்கள், புதன், சனிதான் அவர்களுக்குக் கடல் நாள். போனவர்கள் மறுநாள் காலைதான் கரைக்கு வருவார்கள். ஞாயிறு பிப்ரவரி 7 நோன்புக்கு முந்தின நாளாகிவிடலாம். ஆகவே செவ்வாய் பிப்ரவரி 2 மாலைதான் மிச்சம்.

நேரம்: அந்த வாரத்தில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய 6.20-க்கு மறையும், உடனே மகரிப் பாங்கு. 5 மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் முக்கியமானவரைக் கௌரவிக்கும் நேரத்தில் பாங்கு சொல்லி, பாதிப் பேர் எழுந்து போவதுதான் எங்கும் நடக்கிறது. 4.15-க்குத் தொடங்கி 6.10-க்குள் முடித்துவிடுங்கள். வரவேற்புரை ஐந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது.

பிப்ரவரி ஒத்துவராவிட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆள் கிடைப்பார்கள். ஆனால் அந்த வெயிலில் பந்தலில் உட்காருவது பெரியவர்களுக்குச் சிரமம், தடைக்காலத்தில் கைச்செலவுக்கும் பணம் இருக்காது.

பதில் 3: பனையடி_வகுப்பு

மேடை, பரிசு, சாப்பாடு பற்றி.

குத்துவிளக்கு ஏற்றுவதை இஸ்லாமியர் சிலர் தவிர்ப்பார்கள். அந்த நேரம் அவர் ஒரு அடி பின்னால் நிற்க, போட்டோ எடுக்க, அந்தப் படம்தான் ஊர் முழுக்கச் சுற்றும். தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, ஒரு நிமிஷ மௌனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மதப் பிரார்த்தனையும் வேண்டும் என்பார்கள். அதற்கே இருபது நிமிஷம் போய்விடும், யார் முதலில் என்று ஒரு பஞ்சாயத்தும் வரும். விளக்குக்குப் பதில் மரக்கன்று நடலாம் என்றும் சொல்வார்கள். பிப்ரவரியில் நட்ட கன்று மழையே பார்க்காமல் கோடையில் கருகும். பனை விதை ஊன்ற விரும்பினால் புரட்டாசி, ஐப்பசியில் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

பொன்னாடை என்றால் அசல் பட்டு வேண்டாம், இஸ்லாத்தில் ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. பரமக்குடி கைத்தறிப் பருத்தித் துண்டு எல்லோருக்கும் பொதுவானது, பிறகு பயன்படவும் செய்யும். பெண்களுக்குப் பெண்களே போர்த்தட்டும். காலில் விழுவதை மேடையில் தவிர்க்கச் சொல்லி முன்கூட்டியே இளைஞர்களிடம் சொல்லிவையுங்கள்.

பித்தளை முலாம் பூசிய கேடயம் நம் உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். சங்கு, சிப்பியில் நினைவுப் பரிசு செய்வதும் வேண்டாம், சில வகைகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பாராட்டு மடலைத் தடித்த தாளில் அச்சடித்து, மரச்சட்டத்தில் பின்பக்கம் முழுவதும் டேப் ஒட்டி அடைத்துக் கொடுங்கள். அடைக்காவிட்டால் ஈரம் ஏறி ஒரே மழைக்காலத்தில் தாள் நெளிந்துவிடும். கூடவே ஒரு பனையோலைக் கொட்டானில் இரண்டு கிலோ கருப்பட்டி.

அந்த மடலை முன்மொழிந்தவரே மேடையில் முழுதாக வாசிக்க வேண்டும். விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 120 வார்த்தைக்குள் இருந்தால் ஒன்றரை நிமிஷத்தில் முடியும்.

சாப்பாடு என்று இறங்கினால் ஹலாலா, சைவமா, தனிப் பந்தியா என்று பேச்சு வளரும். மாலை நேரம்தானே, சுண்டலும் சுக்குக் காபியும் போதும். 200 பேருக்குக் கொண்டைக்கடலை 7 கிலோ, முந்தின இரவே ஊறவைக்க வேண்டும்; எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் நடு வேகாது. சுக்குக் காபிக்குத் தண்ணீர் 20 லிட்டர், கருப்பட்டி 2 கிலோ. பால் சேர்க்காதீர்கள், கருப்பட்டியோடு கொதித்தால் திரிந்துபோகும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் மண் தங்கும்.

பதில் 4: தொண்டி_அலைவாய்

முதல் பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் அண்ணன் ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சண்டையைத் தீர்த்துவைப்பவர் அதைச் செய்ய முடிவதே அவர் யார் பக்கமும் இல்லை என்று இரு தரப்பும் நம்புவதால்தான். மேடையேற்றி, "அந்த வலைத் தகராறைத் தீர்த்தவர்" என்று ஊர்ப் பெயரோடு வாசித்தால், பணிந்துபோன தரப்புக்கு அது பழைய புண்ணைக் கிளறியதாகும். அடுத்த முறை அவர் கூப்பிட்டால் வரமாட்டார்கள். எனவே மடலின் வரைவை அவரிடமும் இரு தரப்பிடமும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் செயலைத் தொடவே வேண்டாம். "எனக்கு மேடை வேண்டாம்" என்று அவரே சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போய் மடலைக் கொடுத்துவிட்டு வந்தாலும் அது மரியாதைதான்.

பேச்சாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நல்லிணக்கம் என்றதும் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி, சீதக்காதி என்று தொடங்குவார்கள். சீதக்காதியைத் தாராளமாகச் சொல்லலாம். கீழக்கரை இஸ்லாமிய வள்ளலான அவரை இந்துவான படிக்காசுப் புலவர் பாடியது, மேலே சொன்ன 'அடுத்தவர் வாயால் பாராட்டு' என்பதற்கே சான்று. ஆனால் சீதக்காதியை மதித்த அதே கிழவன் சேதுபதி ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்டார். விழா நடப்பதோ அதற்கு இரண்டு நாள் முன்பு, எதிரே பங்கு மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். "சேதுபதிகள் காலத்தில் எல்லா மதமும் ஒன்றாக வாழ்ந்தது" என்று மொத்தமாகச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? பாஸ்கர சேதுபதி விவேகானந்தரின் 1893 சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றார், 1897 ஜனவரி 26-ல் பாம்பனில் அவரை வரவேற்றார் என்பது போல ஆளையும் செயலையும் குறிப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

வாலிநோக்கம்_காற்று

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய் 2-ம் தேதி என்றே ஊரில் பேசுகிறோம். இரண்டு சந்தேகம். அரசியல் கட்சிக்காரர்கள் வந்தால் என்ன செய்வது? அரசு விருதுக்கும் இவர்கள் பெயரை அனுப்ப முடியுமா?

சேதுக்கரை_வாசி

வந்தால் வரவேற்று முன்வரிசையில் உட்கார வையுங்கள். மேடையில் கௌரவம் பெறுபவர், முன்மொழிந்தவர், தொகுப்பாளர் தவிர நாற்காலியே போடாதீர்கள். நாற்காலி இல்லாத இடத்தில் யாரை ஏற்றவில்லை என்ற மனத்தாங்கல் வராது. அழைப்பிதழில் பெயர்களை அகர வரிசையில் போட்டு, அது அகர வரிசை என்று அடியில் ஒரு வரியும் அச்சடியுங்கள். பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைப்பதால் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி வேண்டும், இரண்டு வாரம் முன்பே மனு கொடுங்கள். மனுவில் மூன்று ஊர்ப் பொறுப்பாளர்களும் கையெழுத்திடுங்கள், கேள்வி குறையும். கூம்புக் குழாய் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் போதும்.

அரசு விருது என்றால் தமிழக அரசின் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் இருக்கிறது, குடியரசு தின விழாவில் முதலமைச்சர் கொடுப்பது. அறிவிப்பு ஆண்டுக் கடைசியில் வரும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் படிவமும் கடைசித் தேதியும் சொல்வார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது. நீங்கள் இப்போது வாங்கும் முன்மொழிவுப் படிவம், பலன் பெற்றவர்களின் கையெழுத்துக் கடிதம், தேதி தெரியும் பத்திரிகைச் செய்தி, போட்டோ எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு கோப்பாகப் போட்டு, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். கடிதத்தை வெள்ளைத்தாளில் அவரவர் கையெழுத்தில், அவரவர் பேச்சிலேயே வாங்குங்கள். ஒரே வாசகத்தை டைப் செய்து ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், விசாரிக்க வருபவர் அதை ஒரே கடிதமாகத்தான் எடுத்துக்கொள்வார்.