ஒன்ராறியோவில் குடும்ப டொக்டர் தேடுகிறவர்களுக்கு: பதிவதற்கு முன் பெயரை ஒருதரம் தட்டிப் பாருங்கள்

வந்து இரண்டு கிழமைதான், ஸ்காபரோவில் நல்ல டொக்டர் யாரும் தெரியுமா என்று கேட்ட தங்கைக்கு எழுதுகிறேன். புதிய ஆட்களை எடுக்கிற டொக்டர் கிடைப்பதே இங்கே பெரும்பாடு. அதனால் யாராவது ஒரு பெயர் சொன்னதும் ஓடிப்போய்ப் பதிந்துவிடுகிறோம். பதியுங்கள், ஆனால் அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இந்த மாகாணத்தில் நோயாளரைப் பார்க்கிற ஒவ்வொரு டொக்டரும் சிபிஎஸ்ஓ (CPSO) என்கிற ஒன்ராறியோ டொக்டர்மாருக்கான கல்லூரியில் பதிந்திருக்க வேண்டும். பெயர்தான் கல்லூரி, அங்கே படிப்பு நடப்பதில்லை. லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் அதன் வேலை. அதன் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தமிழ் பேசுகிற டொக்டர் யார் யார் என்றும் தேடலாம்.

எனக்கு இது பிந்தித்தான் தெரியவந்தது. அம்மா இரண்டு வருடமாகப் போய்வந்த டொக்டரின் பெயரை ஒருநாள் தட்டினேன். கடுமையான வலி மருந்துகளை எழுதிக் கொடுக்க அவருக்குத் தடை என்று இருந்தது. முழங்கால் நோவு என்று போகும்போதெல்லாம் அம்மாவை ஏன் வேறு இடத்துக்கு அனுப்பினார் என்று அப்போதுதான் விளங்கியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் பெயரைத் திரையில் விரலால் தொட்டு வாசித்தா. "நல்ல மனுசன்தானே பிள்ளை" என்றா. நல்ல மனுசன்தான். ஆனாலும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விசாரணைக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தால் அது இன்னும் குற்றச்சாட்டுத்தான். தீர்ப்பு வந்திருந்தால் அதுவும் அங்கே இருக்கும். கன்லீ (CanLII) என்ற சட்டத் தளத்தில் முழுவதையும் வாசிக்கலாம். 2015 முதல் வந்த முறைப்பாடுகளில் நேரில் கூப்பிட்டு எச்சரித்திருந்தால் அதன் சுருக்கமும் கிடைக்கும். தள்ளுபடியான முறைப்பாடுகள் வராது. வழக்குப் போட்டு, வெளியே பேசித் தீர்த்தவையும் வராது. ஆகவே பக்கம் சுத்தமாக இருந்தால் ஒருவரும் முறையிட்டதே இல்லை என்று எடுக்க வேண்டாம்.

உங்களுக்கே பிழை நடந்தால் நீங்களும் இந்தக் கல்லூரியிடம் முறையிடலாம். காசும் வேண்டாம், லோயரும் வேண்டாம். முடிவு சரியில்லை என்று பட்டால் அது கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டுச் சபைக்கு எழுதலாம். நட்டஈடு மட்டும் அங்கே கிடைக்காது, அதற்கு நீதிமன்றம்தான். "பேப்பர் வராத ஆட்கள், எங்களுக்கு ஏன் வம்பு" என்று பேசாமல் இருந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். குடிவரவு அலுவலகம் வேறு, இது வேறு. பயப்பட வேண்டாம்.

பல் டொக்டர், நேர்ஸ், மருந்தாளர் எல்லோருக்கும் இதேபோலத் தனித்தனிக் கல்லூரியும் பதிவேடும் உண்டு.

பிறகு, எங்கள் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். தேடி வராவிட்டால் மருந்துச் சீட்டில் உள்ளபடியே எழுத்தெழுத்தாக அடித்துப் பாருங்கள்.