மதுரைக்குக் குடிவந்தவர்களே, எந்தப் பக்கம் வீடு பார்த்தீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நாகனாகுளத்துக்காரர்:

வேலை மாற்றலில் வருகிறவர்கள், சென்னையை விட்டுச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் என்று யாராவது ஒருத்தர் "எந்த ஏரியா நல்லா இருக்கும்"னு என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் அனுபவத்தை இங்கே எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், இனிமேல் வருகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. எனக்கு ஆபீஸ் இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில், வீட்டில் அவர்களுக்கு ஆரப்பாளையம் பக்கம் வேலை. ஒருத்தர் ஊருக்குக் கிழக்கே, ஒருத்தர் மேற்கே போக வேண்டும். அதனால் நடுவாந்திரமாக வடக்குப் பக்கம் பார்க்கலாம் என்று திருப்பாலை, நாகனாகுளம், அய்யர் பங்களா, ஆனையூர் எல்லாம் சுற்றினோம்.

வாடகை, ஸ்கூல், ரோடு எல்லாம் அப்புறம். மதுரையில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது குடிக்கிற தண்ணீர் எப்படி வருகிறது, மழைத் தண்ணீர் எப்படிப் போகிறது, இந்த இரண்டும்தான். இதைச் சொன்னால் புரோக்கர்களுக்குப் பிடிக்காது. "மதுரையில என்ன சார் மழை பெய்யப் போகுது" என்று ஒரு புரோக்கர் என்னிடமே சொன்னார். 2024 அக்டோபர் 25 அன்று மதியத்துக்கு மேல் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். செல்லூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு ஏறிய இடங்களும் உண்டு.

இந்த ஊரின் அமைப்பே கண்மாய்கள்தான். மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்கு வரும், அது நிரம்பினால் அதற்கும் கீழே, கடைசியில் வைகை. செல்லூர் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறது. நடுவில் வாய்க்கால் குறுகிப்போயிருந்தாலோ மண் மேடிட்டுக் கிடந்தாலோ அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள்தான் ஏறும், வேறு போக்கிடம் கிடையாது. எந்தக் கண்மாய்க்கும் எந்த ஓடைக்கும் நடுவில் நம் தெரு இருக்கிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒரு வீடு எங்களுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்த வாசல், காற்றோட்டம், புது பெயிண்ட். ஆனால் அந்தப் பெயிண்ட் காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும்தான் புதுசாக இருந்தது, அதற்கு மேலே பழைய மஞ்சள். இது என்ன கணக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்த்த வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி கூப்பிட்டு, "தம்பி, ஐப்பசியில ஒருவாட்டி வந்து பாத்துட்டு முடிவு பண்ணு"ன்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம். அந்தப் பாட்டிக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

குடிதண்ணீர் விஷயம் வேறு. 2011-இல் மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி எல்லாம் உள்ளே வந்தன. எல்லைக்குள் வந்துவிட்டால் எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டுவரும் முல்லைப் பெரியாறு தண்ணீரைக் காட்டி "வந்துரும் சார்" என்பார்கள். வரட்டும், நல்லது. ஆனால் இன்றைக்கு இந்த வீட்டுக் குழாயில் என்ன வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, அதைக் கேளுங்கள். ஓனரிடம் கேட்பதைவிட அடுத்த வீட்டு அம்மாவிடம் கேட்பது மேல். பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரை நம்பியிருக்கிற வீடு என்றால் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். வாய்ப்பக்கம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். பக்கெட், கப் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஹீட்டர் காயில் சீக்கிரம் போய்விடும். ஒரே தெருவில் இந்தக் கோடியில் நல்ல தண்ணீரும் அந்தக் கோடியில் உப்புத் தண்ணீரும் இருக்கும், பாறை பூமி அப்படி. கடைசியில் நாகனாகுளத்தில் எடுத்தோம். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 2023-இல் திறந்தது, கலைஞர் நூலகமும் அதே வருஷம் அதே ரோட்டில் வந்தது, பையன் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேதான். கோரிப்பாளையம் நெரிசல் மட்டும் அலுப்பு.

திருநகர் வாசி:

தம்பி சொல்வது சரி. நான் ரிட்டயர் ஆனதும் இங்கே வந்தேன். திருநகர் ஆரம்பத்திலேயே பிளான் போட்டுப் பிரித்த ஊர், தெருக்கள் நேராக இருக்கும், முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். மரநிழல் இருக்கிறது, வயதானவர்கள் காலையில் நடக்கலாம். திருமங்கலம் ரோட்டில் டவுன் பஸ்ஸுக்குக் குறைவில்லை. திருப்பரங்குன்றத்தில் விசேஷ நாள் என்றால் அந்த வழியாகப் போக நேரமாகும், அதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். அண்ணாநகர், கே.கே.நகர் அளவுக்கு வாடகை இருக்காது. ஆனால் வேலை ஒத்தக்கடை, மேலூர் ரோடு என்றால் இங்கே வராதீர்கள், ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தினமும் போய்வர உடம்பு தாங்காது.

மூன்றுமாவடி அக்கா:

நான் சென்னையிலிருந்து தனியாக வந்து, அப்புறம் அம்மாவைக் கூட்டிவந்தேன். யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். வீடு பார்க்கப் போனால் வாடகை பேசுவதற்கு முன்னாடியே "நீங்க எந்த ஊரு, அங்க எந்தத் தெரு, குலதெய்வம் எது"ன்னு கேட்பார்கள். எல்லாம் என்ன ஆளுங்க என்று தெரிந்துகொள்ளத்தான். நேராகக் கேட்டவர்களும் உண்டு. "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்ல"ன்னு சொன்ன ஓனரின் வாசலில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு இதில் கோபம் இன்றும் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண் என்றால் அதற்கு மேல் பத்துக் கேள்வி. இப்படி ஊர் ஊராகக் கேட்காமல், ஆதார் நகலும் கம்பெனி ஐடியும் மட்டும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே சாவி கொடுத்த ஓனரம்மா இந்த மூன்றுமாவடியில்தான் கிடைத்தார். அதனாலேயே எனக்கு இந்த ஏரியா உசத்தி. அக்கம்பக்கம் எப்படி என்பதைத் தண்ணீருக்குச் சமமாகப் பாருங்கள் என்பேன்.

பஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி திருச்சி, சென்னை, திருநெல்வேலி போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணி கிட்ட இருக்க வேண்டும். கோயம்புத்தூர், தேனி, திண்டுக்கல் என்றால் ஆரப்பாளையம். ராத்திரி பதினொரு மணிக்கு இறங்கி வீடு வர வேண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சித்திரையில் எதிர்சேவை அன்று எங்கள் பக்கம் வண்டி எடுக்கவே முடியாது. அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற கள்ளழகரை ஊரே இங்கே நின்று வரவேற்கும், சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி, ராத்திரி பகல் தெரியாமல். எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் மோர்ப் பானை வைப்போம். அம்மாவுக்கு மதுரை பிடித்துப்போனது அந்த நாளில்தான்.

பத்திர ஆபீஸ் பக்கம் இருந்தவன்:

வாடகைக்கு இருப்பவர்கள் சரியில்லை என்றால் காலி பண்ணிவிடலாம். மனை வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப்போய், மதியச் சாப்பாடும் போட்டு, "திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ வருது, தோப்பூர்ல எய்ம்ஸ் வருது"ன்னு சொல்லி சென்ட் கணக்கில் விற்பார்கள். எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். வரப்போவதை நம்பி விலை கொடுக்காதீர்கள், இருப்பதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை கொடுத்த அப்ரூவல் நம்பர் வாங்கி நீங்களே சரிபாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"ன்னு சொன்னால் அது போதாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று ஐகோர்ட் தடை போட்டது, அப்புறம் அப்படிப்பட்ட மனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வரன்முறைத் திட்டம் வந்தது, அதுவும் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகள் சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு பிரித்ததை "வரன்முறை பண்ணித் தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே 1975-லிருந்து பார்க்கலாம். எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் எடுத்து, மனைக்குப் பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், கண்மாய் ஏதாவது ஓடுகிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். இடத்தில் நின்றால் வெறும் மேடாகத் தெரியும், வரைபடத்தில் பார்த்தால் வாய்க்கால் குறுக்கே போகும்.

நாகமலை அடிவாரம்:

நாங்கள் நாகமலை புதுக்கோட்டை பக்கம், யுனிவர்சிட்டி ஆட்கள், வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். அமைதி. சாயங்காலம் கீழக்குயில்குடி சமணர் மலை வரைக்கும் போய்த் தாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து வரலாம். டவுனுக்குள் வேலை என்றால் போக வர நேரம் ஆகும், அதற்குத் தயார் என்றால் வாருங்கள்.

சென்னையிலிருந்து வரப்போகிறவர்:

ரொம்ப நன்றி அனைவருக்கும். நான் பங்குனியில்தான் வீடு பார்க்க வருகிறேன், அப்போது மழை இருக்காதே, எப்படித் தெரிந்துகொள்வது?

நாகனாகுளத்துக்காரர்:

வெயில் காலம் என்றால் குடிதண்ணீரைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது, அப்போதும் குழாயில் வந்தால் எப்போதும் வரும். மழைக்கு, தெருவில் புதுசாகக் கட்டிய வீடுகளின் பேஸ்மட்டத்தைப் பாருங்கள். எல்லாரும் ரோட்டைவிட மூன்றடி, நான்கடி ஏற்றிக் கட்டியிருந்தால் அவர்கள் காரணத்தோடுதான் கட்டியிருக்கிறார்கள். வாசல்படியில் செங்கல் வைத்துப் பூசிய தடுப்பு இருக்கிறதா, ஈ.பி. மீட்டர் பெட்டியை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், அதையும் கவனியுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் "மழைன்னா இந்தத் தெருவுக்கு வண்டி வருமா அண்ணே"ன்னு கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள். எந்த ஏரியா, எந்தத் தெரு என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், பக்கத்தில் இருக்கிறவர் யாராவது போய்ப் பார்த்துச் சொல்வோம்.