வெட்டினா உள்ளே மரம் தெரியுற கேக்: உள்ளே இருக்கிறது காயாம எப்படிச் சுடுறது?

அல்லி:

எல்லாருக்கும் வணக்கம். இந்த கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் மனசுல வச்சிருக்கேன். வெளியில பார்த்தா சாதாரண வெனிலா லோஃப், ஒண்ணும் தெரியக்கூடாது. கத்தி வச்சா ஒவ்வொரு துண்டுலயும் நடுவுல ஒரு பச்சை மரம் நிக்கணும். வீட்டுல பிள்ளைங்க யாருக்கும் இன்னும் சொல்லலை.

செய்முறை ஓரளவு தெரியும். முதல்ல பச்சை கேக் ஒண்ணு சுட்டு, ஸ்லைஸ் போட்டு, குக்கீ கட்டரால மரம் மரமா வெட்டி எடுக்கணும். அப்புறம் அதே டின்ல அந்த மரங்களை வரிசையா நிறுத்தி, சுத்தி வெள்ளை மாவு விட்டு மறுபடி சுடணும். சரிதானே?

எனக்கு இடிக்கிறது இதுதான். ஏற்கெனவே வெந்த கேக்கை இன்னொரு தடவை அவ்வளவு நேரம் அவன்ல வச்சா ரஸ்க் ஆகிடாதா? மாவு விடும்போது மரம் மிதந்து சாயாதா? அப்புறம், குச்சி விட்டுப் பார்த்தா அது வெந்த கேக்குலதானே போகும், வெளி மாவு வெந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முட்டை சேர்க்கலாம், அதுல தடை இல்லை. டின் 23க்கு 13 சென்டிமீட்டர், உயரம் 7. செஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

தேனீ:

வெட்டின மரங்களை ஃப்ரீசர்ல வச்சு, உறைஞ்சபடியே டின்ல வைங்க. உள்ளே சூடு ஏறவே நேரமாகும், அதுக்குள்ள வெளி மாவு வெந்துடும். மத்ததுக்கு கரண்டிக்காரி அக்கா வரட்டும், அவங்க ஆர்டருக்கே செய்றவங்க.

கரண்டிக்காரி:

வந்துட்டேன். தேனீ சொன்னது சரி, ஆனா பாதிதான். இந்த கேக்ல எல்லாரும் வெளி மாவைப் பத்தியே கவலைப்படுவாங்க. உள்ளே போறதை "எப்படியும் வெட்டிப் போடத்தானே போறோம்"னு ஏனோதானோன்னு சுட்டு வச்சிருப்பாங்க. கேக் கெடுறது அங்கேதான். உள் கேக் நல்லா அமைஞ்சிட்டா வெளி மாவு தன் வேலையைத் தானே பார்த்துக்கும்.

உள்ளே ஸ்பாஞ்ச் கேக் வேண்டவே வேண்டாம். லேசான கேக்கைக் கட்டரால வெட்டினா ஓரம் பொடிப்பொடியா உதிரும், மரத்தோட அடித்தண்டு கையோட வந்துடும். சம எடை வெண்ணெய் கேக் போடுங்க அல்லி. வெண்ணெய், சர்க்கரை, மைதா மூணும் 250 கிராம், முட்டை 5 (ஓடு நீக்கினா அதுவும் கிட்டத்தட்ட 250 வரும்), பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உங்க டின்னுக்கு இந்த அளவு பொருந்தும். வெளிக் கேக்குக்கும் இதே அளவுதான், அதனால எல்லாத்தையும் ரெண்டு பங்கு வாங்கிடுங்க.

கலருக்கு ஜெல் எடுங்க. தண்ணி மாதிரி இருக்கிற கலர்ல அடர் பச்சை வரணும்னா நிறைய ஊத்தணும், மாவு தளர்ந்துடும். நீங்க நினைக்கிறதை விட ஒரு படி அடர்த்தியாவே கலக்குங்க. முட்டை மஞ்சளும் வெண்ணெயும் சேர்ந்து எந்த நிறத்தையும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் இழுக்கும். பச்சைக்கு அது நல்லதுதான். நீலம் கலந்தவங்கதான் திண்டாடுவாங்க.

170 டிகிரியில வச்சு, குச்சியில ரெண்டு ஈரத் துணுக்கு ஒட்டுற பதத்துலயே எடுத்துடுங்க. சுத்தமா வர்ற வரைக்கும் காத்திருக்கக்கூடாது. ரெண்டாவது சுடல் இருக்கே, மிச்சம் அங்கே வெந்துக்கும். இளஞ்சூட்டுல இருக்கும்போதே க்ளிங் ராப்ல இறுக்கிச் சுத்தி வச்சா ஆவி உள்ளேயே நிக்கும். ரஸ்க் பயத்துக்கு மருந்து ஃப்ரீசர் பாதி, இந்த ரெண்டும் பாதி.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும். காலையில மேல் தோல், அடி, பக்கம் எல்லா இடத்துலயும் பழுப்பா இருக்கிறதைச் சீவிடுங்க. சீவாம வெட்டினா மரத்தோட ஓரத்துல பழுப்புக் கோடு விழும், வாயில தடிப்பாவும் மாட்டும். அப்புறம் ரெண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஸ்லைஸ். ஒரு ஸ்லைஸுக்கு ஒரு மரம். எந்த நீளத்துக்கு ஸ்லைஸ் போட்டீங்களோ, மரங்களைத் திரும்ப அடுக்கும்போது அதே நீளம்தான் வரும். அதனால ஒரு லோஃப் சுட்டா ஒரு டின்னுக்குச் சரியா இருக்கும், கூடக் குறைய வராது. ரெண்டு ஓரத் துண்டும் சரிஞ்சு போய் வீணாகும். போகட்டும். டின்னோட ரெண்டு முனையிலயும் மரம் இல்லாம வெறும் மாவு இருந்தாத்தான் வெளியிலருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

கட்டர் வாங்கும்போது அளவு பாருங்க. 7 சென்டிமீட்டர் உயர டின்ல 5 சென்டிமீட்டர் மரத்துக்கு மேல போகாதீங்க. கீழே ஒரு சென்டிமீட்டர் மாவு, மேலே மூடுறதுக்குக் கொஞ்சம் இடம் வேணும். கிளை கிளையா அடுக்கடுக்கா இருக்கிற கட்டர் பார்க்க அழகா இருக்கும், ஆனா அந்த இடுக்குக்குள்ள வெளி மாவு இறங்காது, பொத்தல் விழும். வெறும் முக்கோணமும் குட்டித் தண்டும் போதும்.

வெட்டின மரங்களை வரிசையா ஒட்ட வச்சு, நடு நடுவுல சர்க்கரைப் பாகு லேசாத் தடவி, ஒரே கட்டையா ராப் பண்ணி ஃப்ரீசர்ல போடுங்க. தனித்தனியா இருந்தாத்தான் ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் சாயும்.

இப்ப மிதக்கிற விஷயம். வெந்த கேக் உள்ளெல்லாம் காத்து. வேகாத மாவு அதை விட கனம். மாவு தண்ணியா இருந்தா மரம் மேலே வரத்தான் செய்யும், உறைஞ்சிருந்தாலும் வரும். வெண்ணெய் கேக் மாவு கரண்டியில எடுத்துச் சாய்ச்சா தொப்புன்னு விழணும், வழியக்கூடாது. அந்தப் பதத்துல மரம் அசையாது. டின்ல பட்டர் பேப்பர் போட்டு, அடியில ஒரு சென்டிமீட்டர் மாவு பரப்பி, டின்னை ரெண்டு தட்டு தட்டி காத்தை விரட்டுங்க. அப்புறம் மரக்கட்டையை நடுவுல நிறுத்தி லேசா அமுக்குங்க. இதுக்கு மேல டின்னைத் தட்டாதீங்க, மரம் இடம் மாறிடும்.

மிச்ச மாவை பைப்பிங் பேக்ல போட்டு, நுனியை டின் சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல அடிமட்டம் வரைக்கும் விட்டுப் பிழிஞ்சுகிட்டே மேலே வாங்க. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. ஒரு பக்கத்தை முழுசா நிரப்பிட்டு அடுத்த பக்கம் போனா மரம் சாயும். கடைசியா மர நுனிங்க மேல நீளவாக்குல ஒரு மேடு கட்டிடுங்க. லோஃப் எப்பவும் நடுவுலதான் வெடிக்கும், மேடு இல்லைன்னா அந்த வெடிப்பு வழியா நுனி எட்டிப் பார்க்கும், ரகசியம் அவ்வளவுதான்.

160 டிகிரி. நடுவுல ஐஸ் கட்டியாட்டம் ஒரு கட்டை இருக்கிறதால ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, மேலயே கூட ஆகும். மேல் பக்கம் நிறம் வந்ததும் அலுமினிய ஃபாயிலைத் தளர்வா மூடுங்க. குச்சியை நடுவுல குத்தாதீங்க. சுவர்லருந்து ஒரு விரல் தள்ளி, சாய்வா, மரத்தோட அடிக்குப் போற மாதிரி விடுங்க. கடைசியா வேகுற இடம் அந்த மரத்தடிதான். பக்கத்துல சுத்தமா வந்து அடியில ஈரமா வந்தா இன்னும் பத்து நிமிஷம். தெர்மாமீட்டர் இருந்தா அதே இடத்துல 95 டிகிரி தாண்டணும்.

பொன்வண்டு:

அக்கா, அருமையா சொன்னீங்க. ஒரு சந்தேகம். ஜெல் கலர் எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பச்சைக்குக் கீரை விழுது, சிவப்புக்கு பீட்ரூட் போடலாமா? அப்புறம் எனக்கு லோஃப் டின்னே கிடையாது, வட்ட டின்தான். அதுல இது முடியாதா?

கரண்டிக்காரி:

பொன்வண்டு, கீரையும் பீட்ரூட்டும் மாவுல கண்ணைப் பறிக்கும், அவன்லருந்து வரும்போது ஏமாத்திடும். கீரைப் பச்சையில இருக்கிற மெக்னீசியம் சூட்டுல கழண்டு போய் பாசி நிறமாகும். பீட்ரூட் நிறம் சூடு தாங்காது, அதுல பேக்கிங் சோடாவும் சேர்ந்தா இன்னும் மோசம், பழுப்பாகிடும். உங்களுக்கு ரெண்டு தடவை சுடுற வேலை வேற. கலரே வேண்டாம்னா கோகோ இருக்க பயமேன்? 250 கிராம் மைதாவுல 40 கிராமை எடுத்துட்டு அந்த இடத்துல கோகோ போடுங்க, ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் கூடுதலா. வெள்ளை கேக்குக்குள்ள சாக்லேட் நட்சத்திரம். உண்மையைச் சொன்னா எனக்குப் பச்சை மரத்தை விட இதுதான் பிடிக்கும், சாப்பிடவும் ருசி. ஆர்டர் கொடுக்குறவங்கதான் பச்சை பச்சைன்னு நிப்பாங்க.

வட்ட டின்ல லோஃப் முறை சரிவராது. அதுல நடுவுலருந்து ஆப்பு வடிவமாத்தானே வெட்டுவோம்? அப்படி வெட்டினா எந்த உருவமும் பாதிதான் தெரியும். அங்கே வேற வழி. ரெண்டு மூணு வட்ட வெனிலா கேக்கை க்ரீம் வச்சு அடுக்கி, கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல இறுக விடுங்க. முழு அடுக்கையும் தலைகீழாக் கவிழ்த்து, சின்னக் கத்தியால நடுவுல கூம்பா குடைஞ்சு எடுங்க. வாய் அகலமா, உள்ளே போகப் போகக் குறுகலா, ஆனா மறுபக்கம் வரைக்கும் ஓட்டை போடாம. வண்ண கேக்கை உதிர்த்து வெண்ணெய் க்ரீம் கொஞ்சம் கலந்து பிசைஞ்சு, அந்தக் குழியில அழுத்தி நிரப்பிட்டுத் திரும்ப நிமிர்த்துங்க. நிமிர்த்தினதும் கூம்போட நுனி மேலே வந்துடும், அதுதான் மரம். சுத்தி க்ரீம் பூசினா தடயமே இருக்காது. பரிமாறும்போது முதல் வெட்டு மட்டும் கேக்கை நட்ட நடுவுல ரெண்டாப் பிளக்கணும், அப்பத்தான் முழு மரம் தெரியும்.

இதுல மறுபடி சுடுற வேலையே இல்லை, அதனால காயுற பேச்சே இல்லை. அல்லி, உங்க லோஃப்ல கட்டர் போக மிஞ்சுற பச்சைத் துண்டு நிறைய வரும். ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் மரம் எடுத்தது போக பாதிக்கு மேல அப்படியே கிடக்கும். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த மாதிரி க்ரீமோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சு சாக்லேட்ல முக்கினா பிள்ளைங்க காலி பண்ணிடுவாங்க. என்ன, பச்சை உருண்டையை முன்னாடியே கண்ணுல காட்டினா கேக் ரகசியம் போச்சு.

தேனீ:

அக்கா, மரத்தைத் தலைகீழா டின்ல வச்சு, சுட்டதும் மேடா இருக்கிறதைச் சீவிட்டுக் கவிழ்த்தா மேல் பக்கம் தட்டையா வருமே? ஐசிங் பூச அதுதானே வசதி?

கரண்டிக்காரி:

பூச வசதிதான், ஆனா நுனியில எப்படி நிறுத்துவீங்க? கை விட்டதும் சாயும். இதயம், வட்டம்னா எப்படி வேணா வைங்க. மரத்துக்குத் தண்டு கீழேதான். மேடு மேல ஐசிங் சுகர் தூவினா பனி விழுந்த மாதிரி அதுவே அழகு.

அல்லி:

அக்கா, எல்லாத்தையும் எழுதி வச்சுகிட்டேன். ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெட்டணும்னா எப்ப ஆரம்பிக்கலாம்? அன்னிக்கே எல்லாம் செய்ய முடியாது.

கரண்டிக்காரி:

அன்னிக்குச் செய்யவே கூடாது அல்லி. மரக்கட்டையை ரெண்டு வாரம் முன்னாடியே செஞ்சு ஃப்ரீசர்ல போட்டுடலாம், ராப்ல காத்து புகாம ரெண்டு சுத்து சுத்தி இருந்தா ஒண்ணும் ஆகாது. வெளி கேக்கை 23 சாயங்காலம் சுடுங்க. சூட்டோட வெட்டினா ரெண்டு கேக்கும் ஒட்டின இடத்துல பிரிஞ்சு மரம் தனியாக் கழண்டு விழும், ஒரு நாள் முழுக்க ஆறி இறுகட்டும். சுட்ட அன்னிக்கே இளஞ்சூட்டுல மேலயும் பக்கமும் சர்க்கரைப் பாகு தடவிச் சுத்தி வச்சிடுங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெண்ணெய் கேக் அங்கே கல்லாகும்.

வெட்டுறதுக்கு ரம்பப் பல் கத்தி எடுங்க, அமுக்காம இழுத்து இழுத்து வெட்டணும், ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைச்சுக்கங்க. பச்சைத் துகள் வெள்ளையில இழுபட்டா மரத்தோட ஓரம் கலங்கிப் போகும். முனையில மரம் இல்லாத துண்டை முன்னாடியே அடுக்களையில வெட்டி எடுத்துட்டு, வெட்டின பக்கத்தைத் தட்டுல சுவர்ப் பக்கமாத் திருப்பி வைங்க. இல்லைன்னா பிள்ளைங்க முதல் துண்டைப் பார்த்துட்டு "சாதா கேக்தானா"ன்னு எழுந்து போயிடுவாங்க.